வாட்ஸ்அப் குழுவில் 'டம்மி' பங்குச்சந்தை விளையாட்டு: நடத்தலாமா? எப்படி நடத்துவது?

"ஆளுக்கு 10 லட்சம் டம்மி பணம். மூணு மாசம் டைம். யாரு அதிகமா சம்பாதிக்கிறாங்கன்னு பார்ப்போமா?"

பங்குச்சந்தை பற்றிப் பேசும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இப்படி ஒரு மெசேஜ் என்றாவது ஒருநாள் வந்துவிடும். கல்லூரி நண்பர்கள் குழு, அலுவலகக் குழு, அபார்ட்மென்ட் குழு என எதுவாக இருந்தாலும் சரி, உடனே இருபது பேர் கை தூக்குவார்கள். நிஜப் பணம் போகாது, சந்தையைக் கற்றுக்கொண்ட மாதிரியும் ஆச்சு என்பதுதான் எல்லோருடைய கணக்கு.

யோசனை நல்லதுதான். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக 'தி ஸ்டாக் மார்க்கெட் கேம்' என்ற பெயரில் 1977 முதலே இப்படி ஒரு விளையாட்டு நடந்து வருகிறது. மாணவர் குழுவுக்கு 1 லட்சம் டாலர் கற்பனைப் பணம் கொடுத்து, பங்கு வாங்கி விற்கச் சொல்வார்கள்.

ஆனால், இந்தியாவில் இதை நினைத்தபடி நடத்திவிட முடியாது. செபி இதுபற்றி ஒருமுறை அல்ல, பலமுறை எச்சரித்திருக்கிறது. விதி ஒருபக்கம் இருக்க, விளையாட்டை அமைக்கும் விதம் தப்பானால் அது உறுப்பினர்களுக்குத் தப்பான பாடத்தையே கற்றுக்கொடுத்து அனுப்பும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

டம்மி பணம்தானே, அதில் என்ன ஆபத்து?

டம்மி பணத்தில் ஜெயித்தவர் அடுத்து என்ன செய்வார் என்பதில்தான் ஆபத்து. ஒரு மாதத்தில் 10 லட்சத்தை 14 லட்சமாக்கிக் காட்டியவருக்கு, "இதையே நிஜமா பண்ணியிருந்தா..." என்ற எண்ணம் வராமல் இருக்காது. பெரும்பாலும் அவர் நேராகப் போய் நிற்கும் இடம் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்.

அங்கே நிலவரம் எப்படி? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். சராசரியாகத் தலைக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். அடுத்த நிதியாண்டிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

இந்தப் பக்கம் ஆளைத் தள்ளிவிடும் விளையாட்டா, இல்லை கொஞ்சம் நிதானிக்க வைக்கும் விளையாட்டா என்பது அட்மின் முதல் நாளில் போடும் விதிகளில் இருக்கிறது.

செபி என்ன சொல்கிறது?

பங்குச்சந்தையை வைத்துப் போட்டி, லீக் நடத்திப் பரிசுப் பணம் தருவது பற்றி 2016 ஆகஸ்டிலேயே செபி பொதுமக்களை எச்சரித்தது. பிறகு செல்போன் செயலிகள் பெருகின. கிரிக்கெட்டுக்கு ஃபேன்டசி கேம் இருப்பதுபோல, பங்குகளுக்கும் வந்தது. நுழைவுக் கட்டணம் கட்டி, நிஜ விலையை வைத்து 'டீம்' போட்டு, ஜெயித்தால் பணம் வாங்கும் ஆட்டம்.

2024 மே 24 அன்று செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சந்தையின் நேரடி விலை விவரங்களைப் பங்குச்சந்தைகளும் தரகு நிறுவனங்களும் வெளியாருக்குத் தரக்கூடாது. சந்தை ஒழுங்காக இயங்கவோ, சட்டத் தேவைக்கோ என்றால் மட்டும் தரலாம். முதலீட்டாளர் கல்விக்கு என்றால் ஒருநாள் தாமதமான விலையைத் தரலாம், ஆனால் பங்கேற்பவர்களுக்குப் பணப் பரிசு எதுவும் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று இன்னொரு எச்சரிக்கை வந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்கு விலையை வைத்து விர்ச்சுவல் டிரேடிங், பேப்பர் டிரேடிங், ஃபேன்டசி கேம் நடத்தும் செயலிகள், இணையதளங்கள் பற்றியது அது. இவை 1956-ம் ஆண்டின் பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தையும் 1992-ம் ஆண்டின் செபி சட்டத்தையும் மீறுபவை என்றது செபி. அங்கே ஏமாந்தால் செபியின் குறைதீர்ப்பு வசதி எதுவும் உதவிக்கு வராது என்றும் சொன்னது.

2025 ஜனவரி 29 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பங்குச்சந்தைக் கல்வி மட்டும் நடத்துகிறோம் என்று சொல்பவர்கள், கடைசி 3 மாத விலை விவரங்களை வைத்து ஒரு பங்கின் எதிர்காலம் பற்றியோ, வாங்கலாமா விற்கலாமா என்றோ பேசக்கூடாது.

கூடவே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கட்டணமோ பணயமோ கட்டி, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் அந்தச் சட்டத்தில் தடைதான். "இது திறமை சார், லக் இல்ல" என்ற வாதம் அங்கே எடுபடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

அப்படியானால் நாற்பது பேர் கொண்ட நண்பர்கள் குழு என்ன செய்வது? 2024 மே சுற்றறிக்கை நேரடியாகக் கட்டுப்படுத்துவது பங்குச்சந்தைகளையும் தரகர்களையும்தான், உங்கள் குழு அட்மினை அல்ல. ஆனால் நேரடி விலை, நுழைவுக் கட்டணம், பரிசுப் பணம் ஆகிய மூன்றும் சேரும்போது செபி எச்சரிக்கும் ஆட்டமாகவே உங்கள் ஆட்டமும் மாறிவிடும். "ஆளுக்கு நூறு ரூபா போடுவோம், ஜெயிச்சவருக்கு மொத்தமும்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. கிஃப்ட் வவுச்சரும் வேண்டாம். கைத்தட்டல் போதும்.

நேரடி விலையே இல்லாமல் எப்படி விளையாடுவது?

இதற்கு எளிய வழி, பழைய விலையை எடுத்துக்கொள்வது. பழைய காலகட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை இன்று நடப்பதுபோல ஒவ்வொரு வாரமாக நகர்த்துவது. மூன்று மாதத்துக்கு முந்தைய விவரம் என்பதால் மேலே சொன்ன சிக்கல்கள் வராது. எந்தப் பங்கை இப்போது வாங்கலாம் என்ற 'டிப்ஸ்' பேச்சும் தானாகவே நின்றுவிடும். உண்மையில் இதுதான் நேரடி விலை ஆட்டத்தைவிடச் சிறந்தது. காரணம், நேரடி ஆட்டத்தில் அந்த மூன்று மாதம் சந்தை சும்மா ஏறிக்கொண்டே இருந்தால் எல்லோரும் புத்திசாலிகள்தான். பழைய காலத்தை எடுத்தால், ஏற்றமும் இறக்கமும் உள்ள பகுதியை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

உதாரணமாக 2019 செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கி 2020 ஜூன் முதல் வாரம் வரையிலான 40 வாரங்களை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் சென்செக்ஸ் 37,300 அருகில் இருந்தது. செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு கார்ப்பரேட் வரியைக் குறைப்பதாக அறிவித்ததும் ஒரே நாளில் 1,921 புள்ளிகள் எகிறியது. அது யாரும் எதிர்பார்க்காத வெள்ளிக்கிழமை. 2020 ஜனவரியில் 42,000-ஐ நெருங்கியது. பிறகு கொரோனா. மார்ச் 13 அன்று குறியீடு 10 சதவீத வீழ்ச்சி எல்லையைத் தொட்டதால் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்று மாலை சந்தை ஏற்றத்தில் முடிந்தது தனிக்கதை. மார்ச் 23 அன்று 3,934 புள்ளிகள் சரிந்து 26,000-க்குக் கீழே போனது. ஜூன் முதல் வாரத்தில் மீண்டும் 34,300 அருகில்.

ஒரு மனிதர் சந்தையில் பத்து வருடம் இருந்தால் பார்க்கக்கூடிய எல்லாமே இந்த நாற்பது வாரத்துக்குள் இருக்கிறது. ஒரு வேலை நாளுக்கு ஒரு வாரம் என்று நகர்த்தினால், எட்டே வாரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

"அது கொரோனா டைம்தானே, எல்லாருக்கும் தெரியுமே?" என்று கேட்கலாம். அதனால்தான் முகமூடி போட வேண்டும். தேதியை எடுத்துவிட்டு 'வாரம் 1', 'வாரம் 2' என்று மட்டும் காட்டுங்கள். நிறுவனத்தின் பெயரை 'தனியார் வங்கி அ', 'மருந்து நிறுவனம் ஆ' என்று மாற்றுங்கள். முதல் வார விலை எல்லாவற்றுக்கும் 100 ரூபாய் என்று வைத்து, அதற்கேற்ப மற்ற விலைகளைச் சுருக்கிவிடுங்கள். கடன் அளவு, லாப நிலவரம், என்ன தொழில் என்ற விவரங்களை மட்டும் இரண்டு வரியில் கொடுத்தால் போதும்.

அப்படியும் 27, 28-வது வாரத்தில் சந்தை தடாலென்று விழும்போது யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அடிமட்டம் மார்ச் 23 என்று தேதியோடு சொல்லக்கூடிய ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. 28-வது வாரத்தோடு ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டு, மீதி 12 வாரத்தை யாரும் கை வைக்க முடியாதபடி ஓடவிடுவது. இதை முன்கூட்டியே சொல்லக்கூடாது.

எந்தப் பங்குகளைப் பட்டியலில் வைப்பது?

பெரும்பாலான அட்மின்கள் சறுக்குவது இங்கேதான். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து, அதே நிறுவனங்களின் பழைய விலையைப் போட்டுவிடுவார்கள். வேலை சுலபம். ஆனால் இன்றைய பட்டியலில் இருப்பவை எல்லாம் பிழைத்து வந்த நிறுவனங்கள். நடுவில் விழுந்தவை அதில் இருக்காது. அந்தப் பட்டியலை வைத்து ஆடினால், "நல்ல கம்பெனியா வாங்கிப் போட்டு மறந்துட்டா போதும்" என்ற பாடம்தான் மிஞ்சும். அது பாதி உண்மை.

2019 செப்டம்பரில் நிஃப்டி 50-ல் யெஸ் வங்கி இருந்தது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் மீது கட்டுப்பாடு விதித்தது. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. மறுநாள் பங்கு விலை நொறுங்கியது. அதே மாதம் நிஃப்டி 50-லிருந்து அது நீக்கப்பட்டு, ஸ்ரீ சிமெண்ட் உள்ளே வந்தது. அதோடு முடியவில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கில் 75 சதவீதத்தை 3 ஆண்டுகளுக்கு விற்கவே முடியாமல் போனது. விலை குறைந்தால் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. விளையாட்டிலும் அந்த வாரம் அதேபோல 75 சதவீதத்தைப் பூட்டிவிட வேண்டும். குழுவில் சண்டை வரும். வரட்டும்.

டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனமும் இந்த நாற்பது வாரத்துக்குள் வருகிறது. 2019 நவம்பரில் அதன் நிர்வாகக் குழுவை ரிசர்வ் வங்கி கலைத்து, திவால் நடவடிக்கைக்கு அனுப்பியது. "நூறு ரூபா பங்கு இருபதுக்கு வந்தாச்சு, இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது" என்று வாங்குபவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்த நிறுவனம் கைமாறி, 2021 ஜூனில் பங்கு சந்தையிலிருந்து நீக்கப்பட்டபோது, சாதாரண பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

ஆக, ஆட்டம் தொடங்கும் தேதியில் இருந்த பட்டியலைத்தான் எடுக்க வேண்டும். அதிலிருந்து 20, 25 பங்குகள் போதும். அதற்கு மேல் போனால் யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள்.

கூகுள் ஷீட் போதுமா?

நாற்பது, ஐம்பது பேருக்குத் தாராளமாகப் போதும். செயலியெல்லாம் உருவாக்கத் தேவையில்லை. பழைய தினசரி விலை விவரங்கள் பங்குச்சந்தைகளின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. அதைக் குழுவுக்குள் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துவது வேறு. செயலியாக்கிக் கட்டணம் வாங்குவது வேறு. இரண்டாவதுக்கு அனுமதி, உரிமம் என்று பெரிய வேலை இருக்கிறது.

விலை முழுவதும் உள்ள ஷீட்டை அட்மின் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். உறுப்பினர்கள் ஆர்டர் போட ஒரு கூகுள் ஃபார்ம். தினமும் மாலை 6 மணிக்கு அந்த 'வார'த்தின் வெள்ளிக்கிழமை முடிவு விலையையும் இரண்டு வரிச் செய்தியையும் குழுவில் போட வேண்டும். இரவு 9 மணிக்குள் ஆர்டர் வந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். வெள்ளிக்கிழமை விலையைக் காட்டிவிட்டு, அதே விலைக்கு வாங்க அனுமதிக்கக்கூடாது. அடுத்த திங்கள்கிழமை சந்தை எந்த விலையில் திறந்ததோ, அந்த விலைக்குத்தான் ஆர்டர் நிறைவேற வேண்டும். நிஜத்திலும் அப்படித்தானே? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யோசித்து எடுத்த முடிவு திங்கள் காலை விலையில்தான் பலிக்கும். 2020 மார்ச் 9 திங்கள்கிழமை மட்டும் சென்செக்ஸ் 1,941 புள்ளிகள் விழுந்தது. பார்த்த விலைக்கே விற்க விட்டிருந்தால், அந்த வலியே தெரியாமல் தப்பித்துவிடுவார்கள்.

போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு வரும் இடத்திலும் கவனம் தேவை. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது, பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஷீட்டில் விலை மட்டும் மாறி, எண்ணிக்கை மாறாமல் இருந்தால், அதை வைத்திருந்தவரின் பணம் பாதியாகிவிட்டதாகக் காட்டும். இதைத் தவிர்க்க, போனஸுக்கும் பிரிப்புக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்ட விலையை எடுப்பதுதான் வசதி.

வரியும் கட்டணமும் கட்டாயம் போட வேண்டும். இன்றைய விகிதத்தையே வைத்துக்கொள்ளலாம். டெலிவரிக்கு வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், விற்கும்போது அதே 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத்தாள் கட்டணம் 0.015 சதவீதம். கேட்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். 10 லட்சத்துக்கு வாங்கி விற்றால் இந்த மூன்றுக்கு மட்டும் 2,150 ரூபாய். வாரம் ஒருமுறை மொத்தப் பணத்தையும் மாற்றிப் போடும் ஆள் நாற்பது வாரத்தில் 86,000 ரூபாயை இதற்கே கொடுத்திருப்பார். தரகுக் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி., டீமேட் கட்டணம், லாபம் வந்தால் அதற்கு வரி எல்லாம் தனி. "டிரேடிங்ல லாபம்தான் சார், ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் பணம் போகும் ஓட்டைகளில் இதுவும் ஒன்று.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், இன்ட்ராடே எதுவும் இந்த விளையாட்டில் வேண்டாம்.

யார் ஜெயித்தார் என்று எப்படி முடிவு செய்வது?

'கடைசியில் யாரிடம் அதிகப் பணமோ அவரே வெற்றியாளர்' என்றுதான் எல்லோரும் வைப்பார்கள். ஆனால் இந்த ஒரு விதி விளையாட்டையே சூதாட்டமாக மாற்றிவிடும்.

எப்படி என்று பாருங்கள். 64 பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் சந்தை ஏறுமா இறங்குமா என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் சுமார் 32 பேருக்குச் சரியாக இருக்கும். அடுத்த வாரம் 16, பிறகு 8, 4, 2. ஆறாவது வார முடிவில் ஆறு முறையும் சரியாகச் சொன்ன ஒருவர் இருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழுவில் அவர்தான் அன்றிலிருந்து 'குரு'. நாளைக்கு அவர் ஒரு பங்கின் பெயரைச் சொன்னால் பத்துப் பேர் நிஜப் பணத்தைப் போடுவார்கள்.

முதலிடம் மட்டுமே முக்கியம் என்றால், மொத்தப் பணத்தையும் ஒரே பங்கில் கொட்டுவதுதான் புத்திசாலித்தனம். தோற்றால் போவது டம்மி பணம்தானே. நிஜ வாழ்க்கையில் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் அதே பழக்கத்துக்கு விளையாட்டு மெடல் கொடுக்கிறது.

இதை மாற்ற, ஒரு பங்கில் 20 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்று எல்லை வைக்கலாம். இறுதித் தொகையோடு, நடுவில் ஒருவரின் பணம் உச்சத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதற்கும் மதிப்பெண் கொடுக்கலாம். 10 லட்சத்தை 5 லட்சமாக்கியவர் பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும்.

எல்லாவற்றையும்விட, இரண்டு கற்பனை ஆட்டக்காரர்களைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒருவர், முதல் வாரமே 10 லட்சத்தையும் சென்செக்ஸ் குறியீட்டில் போட்டுவிட்டு எதுவுமே செய்யாதவர். இன்னொருவர், 6 சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டவர். மேலே சொன்ன நாற்பது வாரத்தில், குறியீட்டில் போட்டவர் கடைசியில் சுமார் 8 சதவீத நஷ்டத்தில் இருப்பார். அதற்குள் 42,000-லிருந்து 26,000 வரை, அதாவது 38 சதவீத வீழ்ச்சியைப் பார்த்திருப்பார். டெபாசிட்காரருக்குச் சுமார் 46,000 ரூபாய் வட்டி. தினமும் ஆர்டர் போட்டுக் களைத்தவர்களில் எத்தனை பேர் இந்த இருவருக்கும் மேலே இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆட்டத்தின் சுவாரசியமே.

இதை வைத்து 'எஃப்.டி.தான் பெஸ்ட்' என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அதே 2020 டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 47,700-ஐத் தாண்டி நின்றது. நாற்பது வாரம் என்பது சந்தைக்கு ரொம்பக் குறைந்த காலம். இதையும் முடிவு அறிவிக்கும்போது சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழுவுக்குள் நுழையும் மோசடிக்காரர்கள்

பங்குச்சந்தை விளையாட்டு நடக்கும் குழு, மோசடிக்காரர்களுக்குத் தயாராக வைத்த பந்தி மாதிரி. ஆர்வம் உள்ளவர்கள் யார், யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள், யாருடைய எண் என்ன என்று எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும். முன்னணியில் இருப்பவருக்குத் தனியாக மெசேஜ் வரும்: "சூப்பரா பண்றீங்க சார், எங்க விஐபி குரூப்ல சேருங்க."

அதன்பின் நடப்பது பலருக்கும் தெரிந்த கதை. ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். முதலில் 10,000 ரூபாய் போட்டால், திரையில் 13,000 ஆகும். கேட்டால் ஆரம்பத்தில் எடுக்கவும் விடுவார்கள். பிறகு லட்சங்கள் போகும், திரையில் கோடி தெரியும். எடுக்கப் போனால் 'வரி கட்டு', 'கமிஷன் கட்டு' என்பார்கள். உண்மையில் அந்தச் செயலிக்கும் எந்தப் பங்குச்சந்தைக்கும் தொடர்பே இல்லை. அதுவும் ஒரு விர்ச்சுவல் டிரேடிங் விளையாட்டுதான். ஆடுபவருக்கு மட்டும் அது விளையாட்டு என்று தெரியாது, பணம் மட்டும் நிஜம்.

மேலே சொன்ன 64 பேர் கணக்கையும் இவர்கள் பயன்படுத்த முடியும். பாதிப் பேருக்கு 'ஏறும்', மீதிப் பேருக்கு 'இறங்கும்' என்று அனுப்பி, சரியாக வந்தவர்களை மட்டும் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுபவர் அனுப்பியவரைக் கடவுளாகவே நினைப்பார்.

எனவே விளையாட்டுக்குத் தனிக் குழு வைத்து, அதில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பது பாதுகாப்பு. லிங்க் போட்டால் நீக்கம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பட்டியலில் நிஜப் பெயருக்குப் பதில் புனைபெயர் வைக்கலாம். உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி வைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

நிஜமாகவே முதலீட்டுக்குப் போகிறவர்கள், தரகர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்தில் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற தரகர்களுக்கு யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும்போது, அவர்களின் முகவரியில் '@' குறிக்குப் பின் 'வேலிட்' என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும் முறை வந்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கோ, ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் உள்ள கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைசி நாள்

முகமூடியை அவிழ்க்கும் நாளை அவசரமாக முடித்துவிடாதீர்கள். எந்த வாரம் எந்தத் தேதி, 'தனியார் வங்கி அ' யார் என்று சொல்லும்போதுதான் குழுவே விழித்துக்கொள்ளும். "நான் வாங்கினது யெஸ் பேங்க்கா!" என்று அதிர்பவர்கள் இருப்பார்கள். டி.எச்.எஃப்.எல். பங்குதாரர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் அன்றே சொல்லலாம்.

இதற்கு ஒரு முன்தயாரிப்பு வேண்டும். ஆர்டர் ஃபார்மிலேயே 'ஏன் வாங்குகிறீர்கள், ஏன் விற்கிறீர்கள்' என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வாரம் கழித்து அந்த வரிகளைப் பெயர் சொல்லாமல் வாசித்தால், 'எல்லாரும் வாங்குறாங்க', 'இனிமே இறங்காது', 'போன வாரம் விட்டுட்டேன்' என்பவைதான் அதிகம் வரும். லாபத்தில் முடிந்த ஆர்டருக்கும் நஷ்டத்தில் முடிந்த ஆர்டருக்கும் பல இடங்களில் ஒரே காரணம் எழுதியிருப்பதைக் காணலாம்.

மார்ச் மாத வாரங்களில் யார் எல்லாவற்றையும் விற்றார்கள், யார் அசையாமல் இருந்தார்கள் என்றும் பாருங்கள். டம்மி பணத்துக்கே கை நடுங்கி விற்றவர், நிஜத்தில் எவ்வளவு போட வேண்டும் என்பதை அன்று அவரே யோசிக்கத் தொடங்குவார். அசையாமல் இருந்தவரோ, போனது தன் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக இருந்திருந்தால் அப்படி இருந்திருப்பாரா என்ற கேள்வியும் அங்கே எழ வேண்டும். அதற்கு எந்த ஷீட்டிலும் விடை இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஆர்டர் ஃபார்மை மூடி, உறுப்பினர்களின் எண்களும் மின்னஞ்சலும் உள்ள பக்கத்தை அழித்துவிடுங்கள். விலை ஷீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால், அடுத்த குழுவுக்கு மீண்டும் பயன்படும்.